சிலிண்டர் 30 நாளில் காலி: மஞ்சள் தீ, வேகாத பருப்பு

கேள்வி:
நாலு பேருக்குச் சமையல். 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வந்துட்டிருந்தது, கடைசி ரெண்டும் 30 நாள்தான். பெரிய பர்னர் மஞ்சளா எரியுது, பாத்திர அடியில் கரி பிடிக்குது. துவரம்பருப்பு 7 விசில் விட்டாலும் முழுசா நிக்குது. கேஸ் வாசனை வரல. எதை முதல்ல பார்க்கணும்?

பதில் 1:
வாசனை வரலைன்னாலும் முதல்ல கசிவைப் பாருங்க. ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்பைப் பற்றவைக்காம, வால்வு, டியூப், ரெண்டு முனை எல்லாத்துலயும் சோப்பு நுரை தடவுங்க. குமிழ் வந்தா உடனே ரெகுலேட்டரை மூடிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்க. அடுத்த சிலிண்டர் வரும்போது எடை போட்டு வாங்குங்க. சிலிண்டர் மேலேயே காலி எடை எழுதியிருக்கும், அதோட 14.2 கூட்டினா வரவேண்டிய கணக்கு.

மஞ்சள் தீக்குக் காரணம் காற்று பத்தாம கேஸ் அரைகுறையா எரியறது. சூடும் குறையும், கார்பன் மோனாக்சைடும் வரும். சரி பண்ற வரைக்கும் ஜன்னலைத் திறந்தே வைங்க. பித்தளை பர்னரைக் கழற்றி, புளி கரைச்ச சுடுதண்ணியில் அரை மணி நேரம் ஊறவச்சு, ஒவ்வொரு ஓட்டையையும் ஊசியால குத்தி, பிரஷ் போட்டுக் கழுவுங்க. நல்லா காயணும், ஈரத்தோட மாட்டினா மறுபடி மஞ்சள்தான். பர்னர் உட்காரும் குழாய்க்குள்ள பூச்சிக்கூடு, சிலந்தி வலை இருக்கான்னும் பாருங்க, பலரும் விட்டுடற இடம் அது. ஜெட்டுல (கேஸ் பீறிட்டு வர்ற சின்னத் துளை உள்ள முனை) மட்டும் ஊசி விடாதீங்க. அந்தத் துளை பெருசானா கேஸ் கூடுதலா வந்து, மஞ்சள் நிரந்தரமாயிடும்.

கேட்டவர்:
நுரை வச்சதுல குமிழ் இல்ல. குழாய்க்குள்ள கூடு இருந்தது, எடுத்ததும் தீ நீலமாயிடுச்சு. பருப்பு மட்டும் அப்படியே. போர் தண்ணிதான் ஊத்தறோம். புளி, உப்பு சேர்த்தே வைக்கிறோம்.

பதில் 2:
அங்கதான் சிக்கல். போர் தண்ணியில இருக்கிற கால்சியம் பருப்பை இறுக்கிடும், புளியும் அதையேதான் செய்யும். ஒரு டம்ளர் பருப்புக்கு இரண்டரை டம்ளர் குடிதண்ணி. அரை மணி நேரம் ஊறட்டும், மஞ்சள்தூளும் ரெண்டு சொட்டு எண்ணெயும் போதும். உப்பு, புளி வெந்த பிறகு. பழைய பருப்புன்னா கூடுதலா ஊறணும்.

விசில் எண்ணறதை விடுங்க. குக்கருக்குள்ளே சுமார் 120 டிகிரி வந்தாதான் வெயிட் தூக்கும். அதுக்குமேல தீ கூட்டினா சூடு ஏறாது, ஆவிதான் வீணா வெளியே போகும். ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்கவைக்க ஆகிற சக்தியைப் போல ஏழு மடங்குக்கு மேல வேணும், அதை முழுசா ஆவியாக்க! முதல் விசில் வந்ததும் சிம், 6 நிமிஷம், அணைச்சுட்டு ஆவி தானா அடங்கட்டும். அந்தச் சூட்டிலும் பருப்பு வேகும். விளிம்புல ஆவி கசிஞ்சா கேஸ்கெட் (மூடியோட ரப்பர் வளையம்) தளர்ந்திருக்கு, அதே கம்பெனி, அதே லிட்டர் அளவுல புதுசு மாத்துங்க.

கேட்டவர்:
குடிதண்ணியில வெந்துடுச்சு, சிம்ல 6 நிமிஷம் சரியா இருந்தது. பாதி சமையலை இண்டக்‌ஷனுக்கு மாத்தினா லாபமா?

பதில் 3:
ஒரு சிலிண்டர் செய்யற வேலையை இண்டக்‌ஷன்ல செய்ய ஏறக்குறைய 110 முதல் 130 யூனிட் ஆகும். உங்க கடைசி யூனிட் எந்த விலைப்படியில விழுதுன்னு பில்லைப் பார்த்து, அந்த விலையால பெருக்கி சிலிண்டர் விலையோட ஒப்பிடுங்க. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுக்குள்ள இடம் மிச்சமிருந்தா பால், வெந்நீர், டீயை இண்டக்‌ஷனுக்குத் தள்ளுங்க. ஏற்கெனவே மேல்படியில இருந்தா கேஸே இருக்கட்டும். காந்தம் ஒட்டற அடி உள்ள பாத்திரம்தான் அதுல சூடாகும்.