டானிஸ்ட்ரோஃபியஸ் கரையில் நின்றதா, நீரில் கிடந்ததா?

கல்மரம்: "டானிஸ்ட்ரோஃபியஸ் கரையில் நின்றபடி தூண்டில் போலக் கழுத்தை நீட்டி மீன் பிடித்த டைனோசர்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. முதலில், ட்ரையாசிக் காலத்தில் வாழ்ந்த இந்த நீண்ட கழுத்து ஊர்வன டைனோசரே இல்லை. ஆர்க்கோசாரோமார்ஃப் (முதலை, டைனோசர், பறவை எல்லாம் அடங்கும் பெரிய குழு) வகையில் மிக முன்பே பிரிந்துபோன ஒரு கிளை. 2020-இல் தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்பீக்மனின் குழுவினர், அதன் நசுங்கிப்போன மண்டையோட்டை ஸ்கேன் செய்து கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். மூக்குத் துளைகள் முதலைக்கு இருப்பதைப் போலவே மேல்பக்கம் இருந்தன, நீரில் கிடந்தபடி மூச்சுவிட வசதியாக. கரையில் நிற்கும் விலங்குக்கு அது எதற்கு?

கரைவாசி: எழுதியது நான்தான். உங்கள் நீர்ப்பிராணிக்குத் துடுப்பு எங்கே? தட்டையான வால் எங்கே? கழுத்தில் 13 எலும்புகள்தான், ஒவ்வொன்றும் அவ்வளவு நீளம். கூடவே அதை விறைப்பாக்கும் கழுத்து விலா எலும்புகள் வேறு. அந்த விறைத்த 3 மீட்டர் கழுத்தை வைத்துக்கொண்டு எந்த மீனைத் துரத்தும்?

கல்மரம்: துரத்தியது என்று நான் எங்கே சொன்னேன்? பதுங்கிக் கிடந்து கவ்வியது. வயிற்றுப் பகுதியில் மீன் செதில்களும் கணவாய் இனத்தின் கைகளில் இருக்கும் கொக்கிகளும் கிடைத்திருக்கின்றன. மூக்குத் துளைக்குப் பதில் சொல்லுங்கள்.

எலும்புப்பித்தன்: சின்ன உருவ டானிஸ்ட்ரோஃபியஸ்களுக்கு மூன்று முனைப் பற்கள் இருக்கின்றனவே? குட்டிகள் கரையில் பூச்சி தின்று, வளர்ந்தபின் நீருக்குப் போயிருக்கலாம்.

கல்மரம்: அவை குட்டிகள் அல்ல. எலும்பை வெட்டி வளர்ச்சி வளையங்களைப் பார்த்தாயிற்று, முழுதாக வளர்ந்தவை. சின்னது லாங்கோபார்டிகஸ், பெரியது ஹைட்ராய்டிஸ். இரண்டும் தனித்தனி இனங்கள். போன மாதம் இக்தியோசார் என்ற கடல் ஊர்வன பற்றிப் பேசியபோதும் படிக்காமல்தான் வந்தீர்கள்.

எலும்புப்பித்தன்: அந்தப் பேச்சில் நீங்கள் பாதியில் காணாமல் போனதையும் சொல்லுங்கள்.

கரைவாசி: ஆய்வாளர் சொன்னால் வேதமா? 1886-இல் பஸ்ஸானி இதே கழுத்து எலும்புகளைப் பறக்கும் ஊர்வனவின் விரல் எலும்புகள் என்றார். அவரும் ஆய்வாளர்தான்.

கல்மரம்: அவர் கையில் இருந்தவை துண்டுகள். சுவிஸ், இத்தாலி எல்லையில் இருக்கும் மான்டே சான் ஜார்ஜியோவில் 1929-இல் நல்ல எலும்புக்கூடு கிடைத்ததும் பையர் என்ற ஆய்வாளர் அதைச் சரிசெய்துவிட்டார். ஆதாரம் வந்ததும் துறை திருந்தியது, நீங்கள் திருந்த மறுக்கிறீர்கள். மூக்குத் துளை, ஐயா, மூக்குத் துளை!

எலும்புப்பித்தன்: 2023-இல் கடிபட்டு அறுந்த டானிஸ்ட்ரோஃபியஸ் கழுத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அதைப் பேசலாமே?

கரைவாசி: பேசலாம். கரையிலிருந்து தலையை நீருக்குள் விட்டால் எவனாவது கடிக்கத்தான் செய்வான்.

கல்மரம்: பெரியதன் கழுத்தில் கடி மேலிருந்து விழுந்திருக்கிறது. நீருக்கு வெளியே நின்ற கழுத்தை எந்தக் கடல் விலங்கு மேலிருந்து வந்து கடித்தது? மூக்குத் துளைக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரைவாசி: நீர்யானைக்கும் மூக்குத் துளை மேலேதான். இரவில் கரையேறிப் புல் மேய்கிறது. போதுமா?

கல்மரம்: பகல் முழுக்க அது எங்கே கிடக்கிறது, அதையும் எழுதுங்கள்.