கிட்னி மாற்றுக்குப் பிறகு தூக்கமில்லை, அழுகை: மனச்சோர்வு மாத்திரை போடலாமா?

வைகைக்கரை:
உறவினருக்கு மாற்று முடிந்து ஏழாவது வாரம். கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2. ஆனால் தூக்கமே இல்லை, கை நடுங்குகிறது, தொட்டதற்கெல்லாம் அழுகிறார். கிட்னி கொடுத்தது மனைவி. அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறார். புதுக் கிட்னியை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் 20 மி.கி. ஓடுகிறது. மனச்சோர்வு மாத்திரை சேர்த்தால் கிட்னிக்கு ஆகாதா?

மருந்துப்பெட்டி:
முதலில் இருக்கிற மருந்துகளைப் பாருங்கள். பிரெட்னிசோலோன் தூக்கத்தைக் கெடுக்கும், அழவும் வைக்கும். சாயங்காலமும் ஒரு வேளை போகிறது என்றால், முழுவதையும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டோஸ் இறங்க இறங்கப் பலருக்கு மனநிலையும் தெளியும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடல் புதுக் கிட்னியை நிராகரித்துவிடும்.

நடுக்கத்துக்கு டாக்ரோலிமஸ் காரணமாக இருக்கலாம், ரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். அன்று காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகுதான். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடித் தெரியும், தேவையில்லாமல் டோஸைக் குறைத்துவிடுவார்கள்.

மனச்சோர்வு மாத்திரை கூடாது என்றில்லை. செர்ட்ராலின், மிர்டாசபின் இரண்டும் டாக்ரோலிமஸோடு பெரிதாக மோதுவதில்லை. எஸ்சிட்டலோபிராம் என்றால் இசிஜி எடுத்துக்கொள்வது நல்லது. ஃபுளூவாக்சமின் வேண்டாம், ரத்தத்தில் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். எதை எழுதினாலும் கிட்னி டாக்டருக்கும் தெரிய வேண்டும். சுமார் ஒரு வாரத்தில் அளவு மறுபடி பார்க்கச் சொல்வார்.

வைகைக்கரை:
செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று மூலிகைக் காப்ஸ்யூல் வாங்கி வைத்திருக்கிறார்கள். பக்கவிளைவு இல்லையாமே?

மருந்துப்பெட்டி:
தொடவே வேண்டாம். கல்லீரலில் டாக்ரோலிமஸை வேகமாகச் சிதைத்து அளவைத் தரைமட்டமாக்கும். நிறுத்தினாலும் அந்த வேகம் அடங்க இரண்டு வாரம் போல ஆகும். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். பம்ப்ளிமாஸ் பழம் இதற்கு நேர் எதிர், அளவை ஏற்றும், அதுவும் வேண்டாம்.

வார்டுவாசல்:
கூச்சத்துக்கு மாத்திரை கிடையாது. "உனக்காகத்தானே கொடுத்தாள்" என்று வீட்டில் யாரும் சொல்லிக் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே பாதி வேலை. மனைவிக்கும் அறுவைதான் நடந்தது. எல்லோரும் நோயாளியைச் சுற்றியே நிற்கும்போது கொடுத்தவர் ஓரமாகிவிடுகிறார். அவருடைய கிரியேட்டினின், பிபி செக்கப்பை விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையின் மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் இருவருக்கும் சேர்த்தே கவுன்சலிங் ஏற்பாடு செய்யக் கேட்கலாம்.

காய்ச்சலோடு உளறல், கடும் தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு இதெல்லாம் மனநலப் பிரச்சினை என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்கு. சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் தனியே விடாமல் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.