புதுப்பிப்பு: கசினோ சிப்களும் மலைநாட்டு ஈரலிப்பும்

வார இறுதியில் கொழும்புக்குப் போய்ச் சேகரிக்கும் கசினோ சிப் (சூதாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டு), ஸ்லொட் டோக்கன் (சூதாட்ட இயந்திரத்தில் போடும் உலோக வில்லை) ஆகியவற்றை மென்மையான பிளாஸ்டிக் உறை அல்பத்தில் வைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். அது தவறு. அந்த உறை பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை. நுவரெலியா, அட்டன் பக்கத்து ஈரலிப்பில் மெல்லச் சிதைந்து அமிலம் விடும். பித்தளை டோக்கனில் பச்சைப் பிசுக்குப் படியும்.

அந்தப் பிசுக்கை நீக்க, டோக்கனைச் சுத்தமான அசிட்டோனில் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலர்த்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

சிப்பில் அசிட்டோன் பட்டால் அச்சு போய்விடும். ஈரத்துணியால் ஒற்றினாலே போதும்; தண்ணீரில் ஊறவிட்டால் நடுவிலுள்ள படம் கிளம்பும். 39 மில்லிமீற்றர் சிப்புக்கு மைலார் (பொலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறைதான் நல்லது. பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும், நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் போடுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் அதை உலர்த்துங்கள்.