ரிப்போர்ட்டில் கண்ணுக்குத் தப்பிய அந்த ஒரு வரி: தைராய்டு புற்றுநோய் பரவல், அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்)

நுண்ணோக்கி
கட்டி 1.4 செ.மீ.தான். பாப்பில்லரி (தைராய்டு புற்றில் அதிகம் காணப்படும், பெரும்பாலும் சாதுவான வகை) என்று ஊசிப் பரிசோதனையிலேயே தெரிந்ததால் வீட்டில் எல்லோருக்கும் பாதி நிம்மதி. நோயாளிக்கு வயது 61. அறுவைக்குப் பிந்தைய ரிப்போர்ட்டின் நடுவில், யாரும் நின்று படிக்காத இடத்தில், "டால் செல் வகை" என்று இருந்தது. உயரம் அகலத்தைவிட மூன்று மடங்காவது உள்ள செல்கள் 30 சதவீதத்தை எட்டினால் அந்தப் பெயர். சிறிதாக இருக்கும்போதே தைராய்டைத் தாண்டிச் சுற்றுத் தசைக்குள் இறங்கக்கூடியது. பரவிய இடத்தில் கதிரியக்க அயோடினையும் பெரும்பாலும் சரியாக உறிஞ்சாது. ஹாப்நெயில், காலம்னர் வகைகளும் இதே முரட்டு ரகம். மரபணுச் சோதனையில் பிராஃப் வி600இ (BRAF V600E) என்ற மாற்றம் மட்டும் வந்தால் கலங்க வேண்டாம், பாப்பில்லரியில் ஏறக்குறைய பாதிக்கு அது இருக்கும். கூடவே டெர்ட் (TERT) மரபணுவில் மாற்றமும் வந்தால் கதை வேறு. அளவை மட்டும் பார்த்து ஃபைலை மூடாதீர்கள்.

உறைக்கு வெளியே
லேசாகத் தடுக்கியதற்கே இடுப்பெலும்பு முறிந்தது. அந்த எலும்பில் எடுத்த பயாப்ஸியில் தைராய்டு திசு! பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தால், பல வருடம் முன்பு ஒரு பக்கத் தைராய்டை அகற்றி "ஃபாலிக்குலர் அடினோமா", அதாவது புற்றல்லாத கட்டி, என்று முடித்திருந்தார்கள். கட்டியைச் சுற்றிய உறையிலிருந்து வெட்டிய பிளாக் (நுண்ணோக்கியில் பார்க்க எடுக்கும் திசுத் துண்டு) மூன்றே மூன்று. இன்னும் உறுத்துவது அந்த மூன்றுதான்.

ஃபாலிக்குலர் வகைக் கட்டியில் செல்லை வைத்துப் புற்றா இல்லையா என்று சொல்லவே முடியாது, ஊசிப் பரிசோதனை கைவிரித்துவிடும். கட்டி உறையைத் துளைத்திருக்கிறதா, உறையிலோ அதற்கு வெளியிலோ இருக்கும் ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதே சாட்சி. அதனால் முடிந்தவரை உறை முழுவதையும் பிளாக் போட வேண்டும். நுழைந்த ரத்தக்குழாய் நான்குக்கு மேல் போனால் உயர் ஆபத்துப் பிரிவு. பாப்பில்லரி முதலில் நிணநீர் வழியாகக் கழுத்துக்குப் போகும். ஃபாலிக்குலர் ரத்தத்தோடு நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும். கழுத்து ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதே என்று இதில் ஆறுதல்பட முடியாது.

பக்கக்கழுத்து
நுண்ணோக்கி சார், டால் செல் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அளவை நம்பாதே என்று பொதுவாகச் சொன்னால் 1 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்கெல்லாம் கத்தி வைக்கச் சொல்லி நிற்பார்கள். ஜப்பானில் கோபேயின் குமா மருத்துவமனை 1993 முதல் அப்படிப்பட்ட சிறு பாப்பில்லரிகளை அறுக்காமல் கண்காணித்தது. 1,235 பேரில், 10 ஆண்டுகளில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தது சுமார் 8 சதவீதம், புதிதாக நிணநீர் முடிச்சுக்குப் பரவியது 3.8 சதவீதம். அதிலும் 40 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் கூடுதல்.

"முடிச்சில் பரவல்" என்ற சொல்லும் அப்படித்தான். ஐந்து முடிச்சு வரை, ஒவ்வொன்றிலும் 2 மி.மீ.க்குக் குறைவான புற்றுப் படிவு என்றால் குறைந்த ஆபத்து. ஒரே முடிச்சு 3 செ.மீ. இருந்தால் உயர் ஆபத்து. எண்ணிக்கை, பெரிய படிவின் அளவு, முடிச்சின் உறையைக் கிழித்ததா, இந்த மூன்றும் ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் திருப்பிக் கேளுங்கள்.

நுண்ணோக்கி
நான் எழுதியது 1.4 செ.மீ. கட்டியைப் பற்றி. குமாவில் கண்காணித்தவை 1 செ.மீ.க்குள் இருந்தவை. அவற்றிலும் மூச்சுக்குழாயை ஒட்டியவை, குரல் நரம்புப் பாதையில் இருப்பவை, ஊசியில் முரட்டு வகை என்று தெரிந்தவை எல்லாம் ஆரம்பத்திலேயே விலக்கப்பட்டவை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

கழுவுநீர்
தைரோகுளோபுலின் (தைராய்டு செல்லும் அதிலிருந்து வந்த புற்றும் சுரக்கும் புரதம், அறுவைக்குப் பின் நோய் மீதமிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது) 0.2, மிகக் குறைவு. அதே வாரம் ஸ்கேனில் பக்கக்கழுத்தில் 1.8 செ.மீ. முடிச்சு, உள்ளே நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள். தைரோகுளோபுலினுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புரதத்தின் அளவு எக்கச்சக்கம். அதுதான் தைரோகுளோபுலினை மறைத்து வைத்திருந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தைரோகுளோபுலினைத் தனியாகச் சோதிப்பது வீண், எதிர்ப்புரதமும் சேர்ந்தே வர வேண்டும். எதிர்ப்புரதம் இருந்தால் அதன் போக்கைப் பாருங்கள்: வருடத்துக்கு வருடம் இறங்கினால் நல்லது, ஏறினால் தேட வேண்டும். எப்போதும் ஒரே லேப், ஒரே முறை. முடி, நகத்துக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். முடிச்சில் ஊசி போட்டால், ஸ்லைடு தயாரித்த பிறகு ஊசியை 1 மி.லி. உப்புநீரில் கழுவி அந்த நீரில் தைரோகுளோபுலின் பார்க்கச் சொல்லுங்கள். நீர்க்கட்டிபோல் மாறிய முடிச்சில் செல் கிடைக்காமல் போகும், கழுவுநீர் காட்டிக்கொடுத்துவிடும். தைராய்டின் சி செல்களில் தோன்றும் மெடுல்லரி வகைக்கு இது எதுவும் உதவாது. அங்கே ரத்தத்தில் பார்க்க வேண்டியவை கால்சிட்டோனினும் சிஇஏவும் (CEA)தான். கால்சிட்டோனின் ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால் நோய் வேகமெடுத்துவிட்டது.

இரண்டு வரி
29 வயது, இரு பக்கக் கழுத்திலும் பரவல், 14 முடிச்சு. ரிப்போர்ட்டில் "ஸ்டேஜ் 1". அப்பா அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "அப்போ இனி வர வேண்டாமே?" என்றார்.

2018-இல் நடைமுறைக்கு வந்த ஏஜேசிசி (AJCC) ஸ்டேஜிங் விதிகளின் எட்டாம் பதிப்பின்படி, பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் 55 வயதுக்குக் கீழே கழுத்தில் எவ்வளவு பரவினாலும் ஸ்டேஜ் 1தான். நுரையீரலுக்கே போனாலும் ஸ்டேஜ் 2தான். அது உயிராபத்தைக் கணிக்கும் அளவுகோல். நோய் திரும்பி வருமா என்பதற்குக் குறைந்த, நடுத்தர, உயர் என்று தனிப் பிரிவு இருக்கிறது. இவருக்கு ஐந்து முடிச்சைத் தாண்டியதால் குறைந்தபட்சம் நடுத்தரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லி, அடுத்த கழுத்து ஸ்கேன் 6 முதல் 12 மாதத்துக்குள் எந்தத் தேதி என்பதையும் அதிலேயே குறித்து வாங்குங்கள்.