இடம்புரி மரையா, இடஞ்சுழி மரையா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், பழைய பந்தய சைக்கிள் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று கண்டறியும் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காலம் பற்றிய பகுதி முடிந்தது. ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப்பில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே பொறித்திருக்கும். ஷிமானோ உதிரிகளில் இரண்டெழுத்துக் குறி இருந்தால் முதலெழுத்து ஆண்டு (ஏ என்றால் 1976), அடுத்தது மாதம்.

நாடு பற்றிய பகுதியில்தான் நிற்கிறேன். பெடல் தண்டுகளை இணைக்கும் கிராங்க் அச்சு சுழலும் கூட்டின் இருபுறமும், அச்சைத் தாங்கும் கப் (கிண்ணம்) திருகியிருக்கும். இத்தாலிய முறையில் கப்பின் விட்டம் 36 மி.மீ.; இரண்டும் வழக்கமான மரை. ஆங்கில முறையில் 1.37 அங்குலம், செயின் பக்கத்தில் மட்டும் தலைகீழ் மரை. பிரெஞ்சு, சுவிஸ் இரண்டுக்கும் அதே 35 மி.மீ. விட்டம், அதே 1 மி.மீ. மரை இடைவெளி. பிரெஞ்சில் இருபுறமும் வழக்கமான மரை, சுவிஸில் செயின் பக்கம் தலைகீழ். திருகும் திசை ஒன்றுதான் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அந்தத் தலைகீழ் மரைக்கு ஐயமில்லாத சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:
கைவசம் இருக்கிறதே: வலம்புரி, இடம்புரி. புரிதல் என்றால் முறுக்குதல். முப்புரி நூல் என்கிறோம். ‘இடம்புரி மரை’ என்று எழுதிவிடுங்கள். மரை என்ற சொல்லும் பழையதுதான். மரைமானின் முறுக்குக் கொம்பிலிருந்தே திருகுக்கு அந்தப் பெயர் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து.

இன்னொரு உறுப்பினர்:
ஐயா, மன்னிக்கவும். முறுக்குக் கொம்பு இரலை மானுக்குத்தான். சங்கப் பாட்டு ‘திரிமருப்பு இரலை’ என்கிறது. மரை வேறு விலங்கு. கொம்பை வைத்துப் பெயரிட்டிருந்தால் திருகுக்கு இரலை என்றல்லவா பெயர் வந்திருக்கும்?

தமிழாசிரியர்:
மரை எந்த விலங்கு என்பதே இன்னும் முடிவாகவில்லை. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

இயற்பியல் ஆசிரியை:
மான் இருக்கட்டும், சங்குக்கு வருவோம். ‘வலம்புரி’ இங்கே ஆபத்தான சொல். அரிதாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கை உயிரியலார் இடச்சுருள் என்றே வகைப்படுத்துகிறார்கள். எங்கும் கிடைக்கும் இடம்புரிச் சங்கின் சுருள்தான் வழக்கமான திருகாணியின் சுருளோடு ஒத்துப்போகிறது. சங்கை அறிந்த வாசகர் உங்கள் ‘இடம்புரி மரை’யைச் சாதாரண மரை என்று எடுத்துக்கொண்டால் சுவிஸ் வண்டி பிரெஞ்சு வண்டியாகிவிடும். பாடநூல்களில் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இருக்கின்றன. கடிகாரமுள் திசையில் சுற்றினால் இறுகுவது வலஞ்சுழி மரை, எதிர்த்திசையில் இறுகுவது இடஞ்சுழி மரை. பிள்ளைகளுக்கும் பழகிய சொற்கள்.

சைக்கிள் பழுதுபார்ப்பவர்:
பட்டறையில் ‘ரிவர்ஸ் மரை’ என்றுதான் சொல்வோம். தமிழில்தான் வேண்டும் என்றால் ‘எதிர்மரை’ போதும். ஆங்கில முறை வண்டியில் செயின் பக்கத்துக் கப்பைக் கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் சுற்றிப் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும், கப்பின் பிடிமுகம் வழுக்கிப் போகும். சொல் எதுவானாலும் இதைக் கட்டாயம் சேருங்கள். அப்புறம் இன்னொன்று. ஆங்கிலக் கூட்டில் மரை தேய்ந்துபோனால் 36 மி.மீ.க்குப் பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டுவது உண்டு. ஆகவே கூட்டின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இத்தாலியம் 70 மி.மீ., ஆங்கிலம் 68.

இன்னொரு உறுப்பினர்:
‘எதிர்மரை’யை அச்சில் பார்ப்பவர் பிழை என்று நினைத்து ‘எதிர்மறை’ ஆக்கிவிடுவார். மெய்ப்புத் திருத்துபவரே முதலில் அதைச் செய்வார்.

தமிழாசிரியர்:
இடஞ்சுழி என்பது நீர் சுழல்வதைச் சொல்லும் சொல். சுழி ஒரே தளத்தில் சுழல்வது, புரி முன்னேறிக்கொண்டே முறுகுவது. மரை முன்னேறுகிறது. சங்கைப் பற்றி அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் உயிரியலார் வைத்த பெயருக்காக நம் சொல்லை ஏன் கைவிட வேண்டும்? திருகுக்குத் தனி வரையறை தந்துவிட்டு ‘புரி’யையே ஆளலாம்.

இயற்பியல் ஆசிரியை:
வரையறையைத் தேடிப் படிப்பவர் சிலரே. கையில் ஸ்பானரோடு நிற்பவருக்குச் சொல்லே திசையைக் காட்ட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. சரி, ‘இடஞ்சுழி மரை’ என்றே வைக்கிறேன். முதன்முதலில் வருமிடத்தில் ‘கடிகார எதிர்த்திசையில் இறுகுவது’ என்ற விளக்கத்தையும், கழற்றும் திசை பற்றிய எச்சரிக்கையையும், கூட்டின் அகலத்தையும் சேர்த்துவிட்டேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் ‘இடம்புரி’யையும் அடைப்புக்குறிக்குள்ளாவது தாருங்கள்.