குற்றாலம் லாட்ஜ் வைஃபை: ஆண்ட்ராய்டில் லாகின் பக்கம் எழும்பவில்லை, உள்ளே போனவர்களிடமும் திரும்பத் திரும்ப ஓடிபி கேட்கிறது

சாரல்நெட் (கேள்வி):

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். குற்றாலத்துல 32 ரூம் லாட்ஜ். மைக்ரோடிக் ரூட்டர், ரூட்டர்ஓஎஸ் 7. மூணு மாடிக்கும் சேர்த்து 9 ஏபி (வைஃபை சிக்னல் கொடுக்கிற பெட்டி), மாடிக்கு ஒரு வைஃபை பேரு. லாகின் பக்கமும் (போர்ட்டல்) ஃப்ரீரேடியஸும் (யாரை உள்ளே விடலாம்னு சரிபார்க்கிற ரேடியஸ் சர்வர்) சென்னையில ஒரு கிளவுட் சர்வர்ல இருக்கு. மொபைல் நம்பர், ஓடிபி, அப்புறம் நெட். சீசன் கூட்டம் வர்றதுக்குள்ள இந்த நாலையும் தீர்க்கணும்:

1. ஐபோன்ல லாகின் பக்கம் தானா எழும்புது. ஆண்ட்ராய்டுல 'லிமிடெட் கனெக்‌ஷன்'னு காட்டிட்டு சும்மா நிக்கி.
2. உள்ளே போன ஆளு போனைப் பையில போட்டுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா மறுபடி ஓடிபி.
3. கரண்டு போயி வந்தா சில நாள் 'ரேடியஸ் சர்வர் இஸ் நாட் ரெஸ்பாண்டிங்'.
4. ரெண்டாம் மாடியில ஒருத்தர் ஓடிபி போட்டா அந்த மாடி முழுக்கத் திறந்துடுது!

வால்டு கார்டன்ல (லாகின் ஆகாமலே திறக்கிற தளங்களோட பட்டியல்) இருக்கிறது நம்ம போர்ட்டல் டொமைன், ஃபான்ட்ஸ் டாட் கூகுள்ஏபிஐஸ் டாட் காம், ஸ்டார் டாட் ஜிஸ்டாட்டிக் டாட் காம். விருந்தாளி நெட்வொர்க் /24, டிஹெச்சிபி லீஸ் (ஒரு போனுக்கு ஐபி முகவரியை ஒதுக்கி வைக்கிற காலம்) ஒரு நாள்.

பாளை_பாக்கெட்:

முதல் பிரச்சினைக்குப் பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு தம்பி. தமிழ் எழுத்துரு வரணும்னு ஸ்டார் போட்டு ஜிஸ்டாட்டிக்கைத் திறந்து விட்டிருக்கீங்க. ஆண்ட்ராய்டு நெட் இருக்கா இல்லையான்னு பார்க்கிறதே கனெக்டிவிட்டிசெக் டாட் ஜிஸ்டாட்டிக் டாட் காம்ல 'ஜெனரேட்_204' பக்கத்தைக் கேட்டுத்தான். லாகின் ஆகாத போனுக்கு அங்கே இருந்து 302 (வேற பக்கத்துக்குப் போகச் சொல்ற பதில்) வந்தா 'ஓகோ, போர்ட்டல் இருக்கு'ன்னு பக்கத்தை எழுப்பும். உங்க ஓட்டை வழியா நிஜமான 204 (நெட் இருக்குங்கிற பதில்) வந்துடுது. கூடவே கூகுளுக்கு ஹெச்டிடிபிஎஸ்ல இன்னொரு சோதனை அனுப்பும், அது தடைபடுது. ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு, அதான் 'லிமிடெட்'. ஐபோன் கேட்கிறது கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம். அதை நீங்க திறக்கலை, அதனால ஒழுங்கா எழும்புது.

கூகுள் வரி ரெண்டையும் தூக்குங்க. எழுத்துரு ஃபைலை போர்ட்டல் சர்வர்லயே வச்சு அங்கிருந்தே கொடுங்க. ஹெச்டிஎம்எல்ல இருக்கிற கூகுள் ஃபான்ட் லிங்கையும் மறக்காம அழிக்கணும். இல்லாட்டி பிரவுசர் வராத சிஎஸ்எஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்கும், பக்கம் வெள்ளையா நிக்கும். லாகின் ஆகாத லேப்டாப்ல இருந்து அந்த ஜெனரேட்_204 முகவரிக்கு கர்ல் (ஒரு முகவரிக்கு என்ன பதில் வருதுன்னு காட்டுற கட்டளை) அடிச்சுப் பாருங்க. 302 வரணும். 204 வந்தா ஓட்டை இன்னும் இருக்கு.

அப்புறமும் ஒண்ணு ரெண்டு ஆண்ட்ராய்டு அடம்பிடிச்சா 'பிரைவேட் டிஎன்எஸ்'ல கையால ஒரு டிஎன்எஸ் சர்வர் பேரு கொடுத்திருப்பாங்க. அதை 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாத்தச் சொல்லி ரிசப்ஷன்ல ஒரு தாள் ஒட்டிடுங்க. யாராவது 443 போர்ட்டையும் (ஹெச்டிடிபிஎஸ்) லாகின் பக்கத்துக்குத் திருப்பி விடச் சொன்னா கேட்காதீங்க. சர்டிஃபிகேட் எச்சரிக்கைதான் வரும், பக்கம் வராது.

ரெண்டாவதுக்குக் காரணம் கீப்அலைவ் டைம்அவுட், அதாவது பதில் சொல்லாத போனை வெளியேத்துற நேரம். ஹாட்ஸ்பாட் (மைக்ரோடிக்கோட லாகின் வசதி) யூசர் புரொஃபைல்ல டிஃபால்ட்டா 2 நிமிஷம். போன் தூங்கினா ரூட்டர் கேட்கிறதுக்குப் பதில் சொல்லாது, உடனே வெளியேத்திடும். ரேடியஸ் வழியா வர்ற ஆளுக்கும் 'டிஃபால்ட்' யூசர் புரொஃபைல்தான் அடிப்படை. அதுல கீப்அலைவை எடுத்துட்டு லாகின்-பை அமைப்புல மேக்-குக்கீயையும் (போனோட அடையாள எண்ணான மேக்கை ஞாபகம் வச்சு மறுபடி உள்ளே விடுற வசதி) சேருங்க.

பேட்டை_விலான்:

கீப்அலைவை எடுக்கிறது சரி, ஆனா சும்மா எடுத்துட்டுப் போயிடக் கூடாது. ஐடில் டைம்அவுட்டும் (சும்மா கிடக்கிற போனை வெளியேத்துற நேரம்) இல்லாம இருந்தா ரூமைக் காலி பண்ணினவர் ஆன்லைன்லயே இருக்கிற மாதிரி காட்டும், அக்கவுண்டிங்கும் (பயன்பாட்டுக் கணக்கு) ஓடிட்டே இருக்கும். ரேடியஸ்ல இருந்து ஐடில்-டைம்அவுட் 1800 வினாடி, செஷன்-டைம்அவுட் 86400 வினாடி (ஒரு நாள்) அனுப்புங்க. அருவிக்குப் போயிட்டு வர்றவனை அரை மணிக்கப்புறம் வெளியே தள்ளினாலும் மேக்-குக்கீ சத்தமில்லாம உள்ளே விட்டுடும். அதோட காலம் டிஃபால்ட்டா 3 நாள், லாட்ஜுக்கு அது போதும்.

இதுல ஒரு பொறி உண்டு. மேக்-குக்கீ செய்றது, முதல்ல போட்ட அதே யூசர், பாஸ்வேர்டை மறுபடி ரேடியஸுக்கு அனுப்புறதுதான். ஓடிபியை ஒரு தடவை பயன்படுத்தினதும் செல்லாததாக்கினா ரிஜெக்ட்தான் வரும், மறுபடி முதல்ல இருந்து. ஓடிபியை போர்ட்டல்லயே சரிபார்த்து முடிச்சிடுங்க. ரேடியஸ்ல அந்த நம்பருக்கு செக்-அவுட் வரைக்கும் செல்லுற தனி பாஸ்வேர்டை உருவாக்கி, போர்ட்டல் அதை வச்சு ரூட்டர்ல லாகின் பண்ணட்டும்.

மாடிக்கு ஒரு வைஃபை பேரு வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14ல இருந்து போனு ஒவ்வொரு பேருக்கும் வேற வேற மேக் காட்டுது. மாடி ஏறினா புது ஆளுன்னு நினைச்சு மறுபடி ஓடிபி கேட்கும். மூணு மாடிக்கும் ஒரே பேரு வைங்க.

நாலாவது: ரெண்டாம் மாடி ஏபியில ஒயர் வேன் போர்ட்ல (இன்டர்நெட் ஒயருக்கானது) சொருகியிருக்கும், பெட்டி ரூட்டர் மோட்ல நேட் பண்ணிட்டு (எல்லாப் போனையும் தன் ஒரே முகவரிக்குப் பின்னால மறைச்சுட்டு) இருக்கும். ஹாட்ஸ்பாட்டுக்கு அந்த மாடியே ஒரே மேக். ஹோஸ்ட்ஸ் பட்டியலைத் திறந்தாலே தெரியும். ஒயரை லேன் போர்ட்டுக்கு மாத்தி, பெட்டியோட டிஹெச்சிபியை நிறுத்துங்க. ஏபி மோட் இருந்தா அதையே போடுங்க. கிளையன்ட் ஐசொலேஷனும் (ஒரு போன் இன்னொரு போனைத் தொட முடியாம பண்றது) ஆன் பண்ணுங்க.

/24ல ரூட்டர் போக 253 முகவரிதான். ரூமுக்கு நாலு பேருன்னாலே 128 போனு, ஒரு நாள் லீஸ்னா நேத்துப் போனவங்க முகவரியும் பிடிச்சுக்கிட்டே இருக்கும். சனி ஞாயிறு தாங்காது. 10.20.0.0/22 (சுமார் ஆயிரம் முகவரி) ஆக்கி லீஸை 4 மணி நேரமா குறைங்க.

கல்லிடை_ரேடியஸ்:

மூணாவதை யாரும் தொடலையே. கரண்டு போயி வந்ததும் லாட்ஜோட வெளி ஐபி மாறியிருக்கும். ஃப்ரீரேடியஸ் தெரியாத ஐபியில இருந்து வந்தா மறுப்புகூட அனுப்பாது, அப்படியே விட்டுடும். சர்வர்ல சர்வீஸை நிறுத்திட்டு 'ஃப்ரீரேடியஸ் -எக்ஸ்' ஓட்டினா 'அன்னோன் கிளையன்ட்'னு வரி வரியா விழும். கிளையன்ட்ஸ் ஃபைல்ல டைனமிக் டிஎன்எஸ் பேரைப் போட்டும் பிரயோசனம் இல்லை, தொடங்கும்போது ஒரு தடவைதான் அந்தப் பேரைத் தேடும். எல்லா ஐபிக்கும் திறந்து விட்டுட்டு ஷேர்டு சீக்ரெட்டை (ரூட்டருக்கும் சர்வருக்கும் பொதுவான ரகசியச் சொல்) மட்டும் நம்புறதும் வேண்டாம்.

ரூட்டர்ல இருந்து சர்வருக்கு ஒரு வயர்கார்டு டனல் (விபிஎன் மாதிரி பூட்டின தனி வழி) போடுங்க. ரேடியஸை உள் ஐபிக்குத் திருப்பி, சோர்ஸ் அட்ரஸையும் டனல் ஐபியா வைங்க. ரூட்டர் பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 வினாடி. அது இல்லாட்டி சர்வர்ல இருந்து வர்ற டிஸ்கனெக்ட் கட்டளை லாட்ஜுக்குள்ளே வராது. ரேடியஸ் டைம்அவுட் டிஃபால்ட் 300 மில்லி வினாடி, கிளவுடுக்கு அது பத்தாது. 3000 ஆக்குங்க.

இதுக்கும் கரண்டுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இந்த ரூட்டர்கள்ல பெரும்பாலும் பேட்டரி கடிகாரம் கிடையாது. நேரம் பின்னால போயிட்டா, பழைய ஹேண்ட்ஷேக்கை (இணைப்புக் கோரிக்கை) யாரோ திரும்ப அனுப்புறான்னு நினைச்சு வயர்கார்டு சர்வர் கண்டுக்காது. அதனால நேரத்தைச் சரி பண்ற என்டிபி டனலுக்கு வெளியே, ஐபி முகவரியாலயே போகணும். லாகுக்கும் (யாரு எப்போ நெட் பயன்படுத்தினாங்கங்கிற பதிவு) நேரம் முக்கியம். மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னோட 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி அதை 180 நாள் வைக்கணும். நேரம் தப்பான லாக் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

ஃபயர்வால்ல ஃபாஸ்ட்டிராக் (குறுக்கு வழியில வேகமா அனுப்புறது) விதி இருக்கான்னும் பாருங்க. இருந்தா வேகத்தைக் கட்டுப்படுத்துற சிம்பிள் கியூ வேலை செய்யாது, ஆளுக்கு 5 எம்பின்னு வச்சிருந்தாலும் அந்தக் கட்டுப்பாடு காத்துல போயிடும்.

சாரல்நெட்:

ரெண்டாம் மாடி வேன் போர்ட்தான் அண்ணாச்சி. மாத்தியாச்சு. ஆண்ட்ராய்டும் எழும்புது. ஐபோன்ல மட்டும், ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போயிட்டு வந்தா பக்கம் காணாமப் போகுது. பில்லிங் கம்ப்யூட்டரை ஐபி பைண்டிங்ல பைபாஸ் (லாகின் கேட்காம விடுறது) பண்ணட்டுமா?

பாளை_பாக்கெட்:

ஐபோன்ல எழும்புறது முழு பிரவுசர் இல்லை, விட்டு வெளியே போனா மூடிடும். ஓடிபி கட்டத்துக்கு ஆட்டோகம்ப்ளீட் மதிப்பா 'ஒன்-டைம்-கோட்' கொடுங்க, கீபோர்டு மேலயே நம்பர் வந்து நிக்கும். அதுக்காக எஸ்எம்எஸ் வாசகத்தை மாத்தினா டிஎல்டியில (எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதிவு பண்ற தளம்) பதிஞ்ச டெம்ப்ளேட்டையும் மாத்தி அனுமதி வாங்கிட்டு மாத்துங்க, இல்லாட்டி மெசேஜே போகாது. சிக்னல் எடுக்காத ரூமுக்கு, செக்-இன்ல ஐடி வாங்கும்போதே ரூம் நம்பரைப் பதிஞ்சு ஒரு சீட்டுக் கொடுத்துடுங்க.

பில்லிங்குக்கு பைபாஸ் வேண்டாம். அந்த மேக்கை எவனாவது போட்டுக்கிட்டா ஓடிபி இல்லாமலே நெட், லாக்ல உங்க லாட்ஜ் பேரு. பில்லிங், கேமரா எல்லாம் விலான் (ஒரே ஒயர்ல பிரிச்ச தனி நெட்வொர்க்) 10, விருந்தாளி விலான் 20. ஹாட்ஸ்பாட் 20ல மட்டும், 20ல இருந்து 10க்கு டிராப்.