கலைச்சொல் தேவை: ‘கார்டியன்ஸ்’ (வியாழன் காலைக்குள்)

வாசுகி, ஸ்காபரோ:

எல்லோருக்கும் வணக்கம். வியாழன் காலை பாடப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 12 வயதுப் பிள்ளைகளுக்கான பாடம். கனடாவின் வடக்கே கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கரத்தில் லுட்செல்கே என்று தெனே பழங்குடி மக்களின் ஊர். முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். வெளியூருக்குத் தெருவே கிடையாது. 1970 வாக்கில் அங்கே தேசியப் பூங்கா வைக்கலாம் என்று அரசு கேட்டபோது, ஊர்த்தலைவர் பியேர் கத்தோலிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வேட்டையும் மீன்பிடியும் போய்விடும் என்ற பயம். பிறகு வைரச் சுரங்கக்காரர்கள் அந்தப் பக்கம் வரத் தொடங்க, ஊரே தன் நிபந்தனைகளோடு பேச்சுக்குத் திரும்பியது. 2019இல் தைதெனே நெனே என்ற பாதுகாக்கப்பட்ட பகுதி உருவானது. ‘முன்னோர் நிலம்’ என்று பொருள். ஏறத்தாழ 26,000 சதுர கிலோமீட்டர். வேட்டை உரிமை கையில், முடிவெடுப்பதிலும் பங்கு.

அந்த நிலத்தைச் சுற்றி வருகிறவர்கள் ஊர்க்காரர்களே. கோடையில் படகில் போய் மீனையும் தண்ணீரையும் சோதிக்கிறார்கள், வந்தவர்களோடு பேசுகிறார்கள், லாக்ஹார்ட் ஆற்று அருவியடியில் இருக்கும் புனித இடத்தைக் கவனிக்கிறார்கள். 2008இலிருந்து நடக்கிறது. அவர்கள் மொழியில் ‘நி ஹட்னி தெனே’, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆங்கிலத்தில் கார்டியன்ஸ். தமிழில்? ‘பாதுகாவலர்’ என்று எழுதினேன். பெற்றோர் கையெழுத்துப் படிவத்தில் இருப்பதும் அதே சொல். உதவுங்கள்.

நடராசன், தஞ்சாவூர்:

அம்மா வாசுகி, இதற்கு இவ்வளவு தவிப்பா? ‘நிலக்காவலர்’. முடிந்தது. பாடிகாவல் என்று நம் ஊர்களில் ஒரு முறையே இருந்தது. ஊரை ஊரார் காப்பது.

ஆனால் காவலை விட ஆழமான வேர் ‘ஓம்பு’. விருந்தோம்பல் என்கிறோமே. தொல்காப்பியத்தில் ஓம்படைக் கிளவி, அதாவது காத்துக்கொள்ளச் சொல்லும் சொல், அதற்குத் தனியாகவே நூற்பா உண்டு. உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு ‘புலி போற்றி வா’. புலியைப் புகழ்ந்துகொண்டு வா என்றில்லை, புலியிடமிருந்து உன்னைக் காத்துக்கொண்டு வா என்பது. போற்று, பேணு, ஓம்பு மூன்றும் ஒரே தெருவில் குடியிருப்பவை. ஆகவே ‘நிலவோம்புநர்’ என்று முன்மொழிகிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ‘நி’ என்றால் நிலம், ‘நெனே’யும் நிலம் என்கிறாய். இரண்டும் நம் ‘நிலம்’ போலவே ‘ந’ வரிசையில் தொடங்குவதைப் பாருங்கள். ஏரிக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன?

செந்தில், கூடலூர்:

ஐயா, பாடிகாவலுக்கு இன்னொரு முகமும் உண்டு. காவல்கூலி கொடுக்காத வீட்டு மாடு ராத்திரி காணாமல் போகும், துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா?

அதோடு காவலர் என்றால் இன்றைக்குப் போலீஸ். முதுமலைப் பக்கம் வனவர், வனக்காப்பாளர், அவர்களுக்குக் கீழே வேட்டைத் தடுப்புக் காவலர். இந்தக் கடைசி வேலையில் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் நிறையப் பேர். ஆனைத் தடத்தைக் காட்டிக் கொடுப்பது அவர்கள், எந்தத் தடத்தில் யார் போகலாம் என்று உத்தரவு போடுவது துறை. வாசுகி அக்கா சொல்லும் ஊரில் கதை வேறு. சுற்றி வருகிறவரும் ஊர், அவரை அனுப்புவதும் ஊர். அபராதச் சீட்டு எழுதுவது அவர்கள் வேலையும் இல்லை. பார்ப்பார்கள், பேசுவார்கள், குறித்துக்கொள்வார்கள். அந்த வேற்றுமையைச் சொல் தாங்க வேண்டும்.

மூலப் பெயரே பார்ப்பது பற்றியதுதானே. ‘நிலக் கண்காணி’ எப்படி?

தர்மலிங்கம், ஹட்டன்:

> நிலக் கண்காணி எப்படி?

வேண்டாம் தம்பி. எழுத்து ஒன்று மாறினால் கங்காணி. எங்கள் பாட்டன்மாரை ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவன் அவன். தோட்டத்தில் ஆள் கணக்குக்கு அவனுக்குத் தலைக்காசு. கூலியின் கடன் துண்டு என்ற சீட்டில் ஏறும், துண்டு தீராமல் வேறு தோட்டம் போக முடியாது. எங்கள் வீட்டில் ஒருவர் ஓயாமல் குற்றம் பார்த்தால் இன்றைக்கும் ‘பெரிய கங்காணி’ என்றுதான் ஏச்சு. நிலம் சொந்தமாக இல்லாதவர்களை வேலை வாங்கியவனின் பெயரை, நிலம் தங்களுடையது என்று நிற்கிறவர்களுக்கு வைக்காதீர்கள். சொல்லின் வேர் சுத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

முகுந்தன், எட்மன்டன்:

நடராசன் ஐயாவுக்கு: ஏரியின் பெயர் ‘து நெதே’, பெரிய நீர். துளி, தூறல் என்று நீங்கள் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். தெனே மொழிகளுக்குக் கடல் தாண்டிய உறவு ஒன்று முன்வைக்கப்பட்டிருக்கிறது, 2008இல் மொழியியலாளர் எட்வர்ட் வாய்டா வைத்தது. சைபீரியாவின் கெட் மொழியோடு. அதையே ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். நம்மை அந்தச் சண்டையில் இறக்க வேண்டாம்.

வாசுகி அக்கா, ஏரியை ‘பேரடிமை ஏரி’ என்று பெயர்த்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்துத் தெனே மக்களைக் கிரீ மக்கள் குறித்த ஏளனச் சொல், ஆங்கிலத்தில் ‘ஸ்லேவ்’ ஆகி வரைபடத்தில் ஏறியது. து நெதே என்றே போடுங்கள்.

பசிபிக் பக்கம் ஹைடா மக்கள் 1981இலிருந்து இதே வேலையைச் செய்கிறார்கள். அங்கே ஆங்கிலப் பெயர் வாட்ச்மேன். அதை அப்படியே எடுத்தால் தமிழ்ப் பிள்ளை மனதில் வருவது அடுக்குமாடி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. ஓம்புநர் அழகு, ஆனால் யாருக்கும் விளங்காது. என் வாக்கு ‘நிலம் பேணுநர்’.

நடராசன், தஞ்சாவூர்:

விளங்காது என்பது ஒரு குற்றமா? ‘பேருந்து’ முதல் நாள் யாருக்கு விளங்கியது? பழகினால் விளங்கும். கெட் மொழி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

தர்மலிங்கம், ஹட்டன்:

பழகுவதற்கு ஆண்டு வேண்டும் ஐயா. பிள்ளைக்குக் கிடைப்பது 40 நிமிடம்.

வாசுகி, ஸ்காபரோ (புதன் இரவு):

எல்லோருக்கும் நன்றி. ‘பேணுநர்’ பிடித்திருந்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில் என் மகனிடம் பாடத்தை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பத்தி வரை ஒழுங்காகப் போனான். அப்புறம் நிறுத்தி, “அம்மா, இவை நிலத்துக்குப் பேன் பார்க்கிறவையா?” என்றான். றன்னகரமும் டண்ணகரமும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். சனிக்கிழமை இருபது பேர் ஒரே நேரத்தில் தலை சொறிவதை நினைத்துப் பார்த்தேன். பேணுநர் போயிற்று.

பாடத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. பாதர்ஸ்ட் மந்தை என்ற கரிபூ மான் கூட்டம் 1980களில் 4 லட்சத்துக்கு மேல், 2018 கணக்கெடுப்பில் 8,200. அதற்கு அடுத்த வரியில் இந்தச் சொல் வருகிறது. மான் கூட்டம் மெலிவதைப் பார்த்துக்கொண்டே நிலத்தில் நிற்கிறவர்கள். ‘காப்போர்’ போதுமா? நிலங்காப்போர்?

செந்தில், கூடலூர்:

போதும் அக்கா. ‘காப்பாளர்’ என்றால் அரசாங்க நாற்காலி, ‘காவலர்’ என்றால் லத்தி. காப்போர் வெறுங்கையோடு இருக்கிறது.

முகுந்தன், எட்மன்டன்:

சரி. முதல் இடத்தில் ‘நி ஹட்னி தெனே’ என்று அவர்கள் பெயர், பக்கத்தில் ‘நிலங்காப்போர்’. அப்புறம் தமிழ்ச்சொல் மட்டும். தூக்கம் வருகிறது.

தர்மலிங்கம், ஹட்டன்:

எனக்கும் சம்மதம். எண்ணிப் பார்த்தேன்: நிலங்காப்போர் 4, நிலவோம்புநர் 1.

நடராசன், தஞ்சாவூர்:

அந்த 1 நான்தான், மாற்றிக்கொள்வதாக இல்லை. ஆனால் அச்சாவது பிழையில்லாமல் அச்சாகட்டும். நிலத்தைக் காப்போர், இரண்டாம் வேற்றுமைத் தொகை, ‘நிலங்கடந்தான்’ போல ஙகரம் நிற்கும். அச்சகத்தில் யாராவது ‘நிலக்காப்போர்’ என்று திருத்திவிடுவார்கள், கடைசிப் படியை நீயே ஒருமுறை பார்த்துவிடு அம்மா.